ஓட்டைக் குடைகளும் மூன்று கதிரைகளும்

கச்சேரி பின்னேரம்தான். ஆனால் மத்தியானம் சமைத்த சட்டியின் ஈரம் காய்வதற்கு முன்பே வித்தியா பூங்காவுக்கு வந்து இடம் பிடித்துவிட்டாள்.

மேடையில் ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இரவிச்சந்திரன் தற்செயலாகத்தான் தலையைத் தூக்கினான். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த அந்தப் பெரிய பூங்காவில் புல்வெளி வெறுமையாகக் கிடந்தது. ஓரமெல்லாம் நிழல் மரங்கள். அவற்றின் கீழ் ஒரு ஊரே இருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, மேடைக்கு நேர் முன்னால், நட்ட நடுவில், மூன்று மடிப்புக் கதிரைகள் விரிந்திருந்தன. கதிரைகளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பாய். பாய் காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு செருப்பு. நடுக் கதிரையில் அவனுடைய மனைவி வித்தியா. அவளுக்கு வலப்பக்கம் மேல்மாடி வீட்டு சிவநேசம் மாமி. இடப்பக்கம் மகள் ஹர்ஷினி, இந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

மாமி அவனைப் பார்த்துக் கை காட்டினார். டிராம்போன் பிடித்த கையாலேயே அவனும் காட்டினான். காட்டின பிறகுதான் அவர்கள் இருந்த இடம் எது என்று கவனித்தான்.

இரவிச்சந்திரனின் குழுவுக்கு ‘லே பரப்ளுயி பெர்சே’ என்று பெயர். பிரெஞ்சில் ஓட்டைக் குடைகள் என்று அர்த்தம். முப்பது வருசத்துக்கு முன்னால், எல்லோருக்கும் தலைமயிர் இருந்த காலத்தில், மழையில் நனைந்த ஒரு நாளில் வைத்த பெயர். பாடகன் கிஸ்லேன் அப்போது நடு மண்டையில் மட்டும் மயிரை விட்டு, சேவல் கொண்டை மாதிரி நிறுத்திப் பச்சை பூசியிருந்தான். இப்போது அவனுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, நடுவில்தான் இல்லை. பகலில் ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறான். பேஸ் கிட்டார் வாசிக்கிற மனோன் ஒரு நோட்டரியிடம் வேலை செய்கிறாள். முழங்காலுக்குப் பட்டி கட்டாமல் மேடை ஏறமாட்டாள். இரவிச்சந்திரன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று மேடைத் தரையில் ஒட்டி வைக்கிற தாளில் எழுத்து வருசத்துக்கு வருசம் பெருத்துக்கொண்டு போகிறது. இப்போது அதைப் பூங்காவுக்கு வெளியே நின்றும் வாசிக்கலாம்.

ஆனாலும் குழு உடையவில்லை. அவர்களுடைய சங்கீதம் அப்படி. கிட்டார் கீரை அரிகிற மாதிரி வெட்டிக்கொண்டு ஓடும். டிரம்ஸ் அதைத் துரத்தும். டிரம்பெட்டும், குழாயை நீட்டி இழுத்து ஊதுகிற டிராம்போனும் இரண்டுக்கும் நடுவில் புகுந்து கலியாண வீடு மாதிரிக் கூச்சல் போடும். ஸ்கா பங்க் என்கிற அந்த வகைச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க யாராலும் முடியாது. நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடுவார்கள். இளமையில் ஓடினவர்கள் இப்போதும் வருகிறார்கள். கோடை வந்தால் இப்படிப்பட்ட பழைய குழுக்கள் நாலைந்தைக் கூட்டி யாராவது ஒரு பூங்காவில் மேடை போட்டுவிடுகிறார்கள். நரைத்த ரசிகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காதுமூடி மாட்டிக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஓட்டைக் குடைகளின் பெரிய பாட்டு ‘கூம்பு’. மொன்றியலில் கோடைக்குப் பூக்கிற பூவைவிட ரோட்டில் முளைக்கிற ஆரஞ்சுக் கூம்புகள்தான் அதிகம். தெருவைக் கிண்டி, சுற்றிவரக் கூம்பை வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் பனி கொட்டிவிடும். அந்தக் கூம்பின் தனிமையைப் பற்றித்தான் பாட்டு. கச்சேரியில் அது வரும்போது கிஸ்லேன் ஒரு விரலைத் தூக்கி ஆகாயத்தில் வட்டம் போடுவான். உடனே யாரோ ஒருவர் உண்மையான கூம்பு ஒன்றைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் வைப்பார். எங்கே எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சுற்றி எல்லோரும் ஓடத் தொடங்குவார்கள். இடிப்பார்கள், விழுவார்கள், விழுந்தவரைத் தூக்கிவிட்டு மறுபடி ஓடுவார்கள். முப்பது வருச வழக்கம்.

கூம்பு வைக்கிற இடத்தில்தான் இப்போது பாய் விரிந்திருந்தது.

குற்றம் வித்தியாவுடையது இல்லை. கோயில் திருவிழா என்றாலும், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி என்றாலும், நேரத்தோடு போய், முன்னுக்கு இடம் பிடித்து, கதிரை போட்டு, தேத்தண்ணிப் போத்தலைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. முன்னுக்கு இடமிருக்கப் பின்னுக்கு இருப்பவர்களை அவளுக்கு விளங்குவதில்லை. இந்தக் கச்சேரியில் யாரும் கதிரை போட்டு இருப்பதில்லை என்று சொல்லியிருக்க வேண்டியவன் இரவிச்சந்திரன். அவன் சந்தோசத்தில் மறந்துபோனான்.

சந்தோசத்துக்குக் காரணம் உண்டு. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசத்தில் அவன் மேடையில் வாசித்து வித்தியா ஒருநாளும் பார்த்ததில்லை. பார் என்றால், குடிகாரர் வருகிற இடம் என்பாள். மண்டபம் என்றால், இரவு என்பாள். மார்கழியில் கேட்டால், பனி. “வெளிச்சத்தில, வெளியில ஒரு இடத்தில வாசியுங்கோ, வாறன்” என்று ஒருமுறை சொல்லிவைத்தாள். அப்படி ஒரு நாள் வரவே வராது என்ற நம்பிக்கையில் சொன்னது. இந்த வருசம் அழைப்பு வந்தது. பூங்கா. பின்னேரம். இலவசம். இரவிச்சந்திரன் சாப்பாட்டு மேசையில் அதை மெதுவாக வாசித்துக் காட்டினான். வித்தியா சோற்றைப் பிசைந்தபடி வேறு சாட்டு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று யோசித்தாள். இருக்கவில்லை. “சரி, வாறன்,” என்றாள்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ‘கூம்பு’ பாட்டின் நடுவில் மற்ற எல்லா வாத்தியமும் அடங்க, டிராம்போன் மட்டும் தனியாக வாசிக்கிற ஒரு துண்டு வரும். அவன் கட்டின துண்டு. அதைக் கேட்டு கியூபெக் சிட்டியில் ஒரு ஆள் அழுதான் என்று கிஸ்லேன் சொல்வான். அந்த ஆளின் காலை அப்போது யாரோ மிதித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வான். வீட்டு நிலக்கீழ் அறையில் இரவிச்சந்திரன் அதை வாசித்துப் பழகத் தொடங்கினால் மேலே சமையலறையில் கிரைண்டர் ஓடத் தொடங்கும். அப்படியே வருசங்கள் போய்விட்டன. அந்தத் துண்டை வித்தியா ஒருமுறை, கிரைண்டர் இல்லாமல், முழுதாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

கிஸ்லேன் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு புல்வெளியைப் பார்த்தான். அது உன் மனைவியா என்று கேட்டான். ஓம் என்றான் இரவிச்சந்திரன். பாயில் இருப்பது சாப்பாடா என்று கேட்டான். அதற்கும் ஓம். கிஸ்லேன் கண்ணாடியைக் கழற்றினான். பிறகு, கார்டெரியில் பிள்ளையொன்று கத்தரிக்கோலோடு ஓடுவதைக் கண்டால் எந்தக் குரலில் பேசுவானோ அந்தக் குரலில், அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப்போகக் காவலுக்கு நிற்கும் ஆளிடம் சொல்வோமா என்றான்.

இரவிச்சந்திரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றான்.

அவனுக்கு ஒரு கலியாண வீடு ஞாபகம் இருந்தது. போன வருசம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் நடந்தது. இரண்டாம் வரிசையில் இருந்த வித்தியாவிடம், மாப்பிள்ளை வீட்டாருக்கு இடம் வேண்டும், கொஞ்சம் பின்னுக்கு இருக்க முடியுமா என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். வித்தியா சிரித்த முகத்தோடு எழும்பினாள். எழும்பினவள் பின் வரிசைக்குப் போகவில்லை. பாலத்தைத் தாண்டி வீட்டுக்கே வந்துவிட்டாள், தாலி கட்டுவதற்கு முன்பே. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் பிறந்தநாள், வீடு குடிபூரல் எதிலும் அவள் முகத்தை யாரும் கண்டதில்லை. வித்தியாவை எழுப்பினால் எழும்புவாள். எழும்பினால் போய்விடுவாள். போனால் பிறகு வரமாட்டாள்.

அவன் கீழே இறங்கிப் போனபோது மாமிதான் முதலில் வாய் திறந்தார். வாசலில் நின்றவன் இந்தப் பக்கம் விட யோசித்தானாம். உங்கட பெயரைச் சொன்னோம், உடனே விட்டுவிட்டான், உங்களுக்கு இங்கே நல்ல மரியாதை என்றார். இரவிச்சந்திரனுக்கு அந்த மரியாதை இந்த நேரம் பார்த்தா வேலை செய்ய வேண்டும் என்றிருந்தது.

வெய்யில் நேரே முகத்தில் அடிக்குமே என்று தொடங்கினான். மாமி குடையை விரித்தார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருக்கிறது, காது அடைத்துவிடும் என்றான். வித்தியா கைப்பையைத் திறந்து, உருட்டி வைத்த பஞ்சைக் காட்டினாள். ஒரு பையிலிருந்து பருத்தித்துறை வடையை அள்ளி, குழுவில் உள்ளவர்களுக்கும் கொடுங்கோ என்று அவன் கையில் திணித்தாள்.

“ஆக்கள் இதில ஆடுவினம்,” என்றான் இரவிச்சந்திரன்.

“ஆடட்டுமே,” என்றாள் வித்தியா. “பாக்கத்தானே வந்தனாங்கள்.”

“கொஞ்சம் இடிபடவும் கூடும்.”

“தேர் இழுக்கேக்க படாத இடியோ, தம்பி?” என்றார் மாமி. “நான் வடம் பிடிச்சுக் கால் நகம் போன ஆள்.”

இரவிச்சந்திரன் வடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான். வித்தியா அவனைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னப்பா,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “நாங்கள் முன்னுக்கு இருக்கிறது உங்களுக்கு வெக்கமா இருக்கோ?”

சீச்சீ என்றான். நல்ல இடம் என்றான். இதைவிட நல்ல இடம் இந்தப் பூங்காவிலேயே இல்லை என்று, தேவைக்கு அதிகமாகவே சொன்னான்.

திரும்பி நடக்கையில் ஹர்ஷினி தண்ணீர் எடுக்கிற சாட்டில் பின்னாலேயே வந்தாள்.

“அப்பா, கூம்புப் பாட்டுக்கு என்ன நடக்குமெண்டு அம்மாவுக்குத் தெரியாது, என்ன?”

“நீ சொல்லேல்லையோ?”

“நீங்களே சொல்லேல்லை. நான் ஏன் சொல்லுறன்? இதைவிடப் பெரிய பகிடி இந்த சம்மர்ல வராது.”

இரவிச்சந்திரன் மேடைக்குத் திரும்பியபோது கிஸ்லேனும் மனோனும் ஆவலோடு காத்திருந்தார்கள். ஆட்கள் இடம் மாறவில்லை, பதிலாக வடை வந்திருந்தது. மனோன் ஒன்றைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அந்தப் பெண்கள் எங்கே இருக்க விரும்புகிறார்களோ அங்கேயே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பின்னேரமானதும் கூட்டம் சேர்ந்தது. முதல் குழு ஏறியது. அவர்களும் இருபத்தைந்து வருசப் பழசு. ரசிகர்கள் வழக்கப்படி மேடைக்கு முன்னால் பாய்ந்து வந்தார்கள். கதிரைகளைக் கண்டதும், ரோட்டில் புதிதாக வந்த பள்ளத்தைக் கண்டதுபோல், இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போனார்கள். உடம்பு முழுக்கப் பச்சை குத்தின, தாடி நெஞ்சுவரை தொங்குகிற ஒரு பெரிய ஆள் துள்ளியபடியே பின்னால் வந்து மாமியின் கதிரையில் இடித்துவிட்டான். பார்தோன் மதாம் என்று மன்னிப்புக் கேட்டான். பத்துத் தரமாவது சொல்லியிருப்பான். மாமி அவன் கையைப் பிடித்து விரித்து, அதில் ஒரு பிடி கச்சான் கடலை கொட்டினார். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதிரைகளுக்குப் பின்னால் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நின்று, வருகிறவர்களை எல்லாம் விலக்கிவிடத் தொடங்கினான்.

இரண்டாவது குழு வாசிக்கும்போது இரவிச்சந்திரன் மேடைக்குப் பின்னால் கிஸ்லேனைப் பிடித்தான். கூம்புப் பாட்டை இன்றைக்கு விடலாமா என்று கேட்க வாயெடுத்தான். எடுத்த வாயிலேயே அது நின்றுவிட்டது. பாட்டை விட்டால் வித்தியா இருப்பாள், கேட்க ஒன்றும் இராது. பாட்டை வாசித்தால் கேட்க இருக்கும், அவள் இராள். டிராம்போனைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் துடைத்தான்.

கடைசியில், பாட்டு இருக்கட்டும், நீ விரலை மட்டும் தூக்காதே என்றான். வட்டம் போடாவிட்டால் ஓடமாட்டார்கள்.

கிஸ்லேன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். தன் கார்டெரிப் பிள்ளைகள் மேல் சத்தியமாகத் தூக்கமாட்டேன் என்றான். வேண்டுமானால் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றான்.

ஓட்டைக் குடைகள் மேடை ஏறியபோது வெய்யில் இன்னும் மரங்களுக்கு மேலேதான் நின்றது. ஏற்பாட்டாளர் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே டிரம்ஸ் தொடங்கிவிட்டது. இரவிச்சந்திரன் வாசித்துக்கொண்டே கீழே பார்த்தான். வித்தியா அரங்கேற்றம் பார்க்க வந்தவள்போல் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். ஒவ்வொரு பாட்டு முடியவும் அளவாகக் கை தட்டினாள். கிஸ்லேன் மேடையில் குதித்து விழுந்தபோது, விழுந்தவனுக்கு அடிபட்டதோ என்று எட்டிப் பார்த்தாள். காதில் பஞ்சு இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. மாமி முழங்காலில் தாளம் போட்டார். தாளம் வேறு எதற்கோ சரியாக இருந்தது.

பிறகு கிட்டாரில் அந்த நாலு வெட்டு விழுந்தது. பூங்கா முழுவதும் ஒரு சத்தம் எழும்பியது. கூம்புப் பாட்டு.

கிஸ்லேன் சொன்ன சொல் தவறவில்லை. வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, கால் முறிந்த கொக்கு மாதிரி ஒரு பக்கம் சரிந்து நின்று பாடினான். ஆனால் முப்பது வருசமாக ஓடிப் பழகின கால்களுக்கு விரல் என்னத்துக்கு? இரண்டாம் வரி முடியும் முன்பே கூட்டத்துக்கு மேலால் ஒரு ஆரஞ்சுக் கூம்பு கைமாறிக் கைமாறி வந்தது. தாடிக்காரன் அதை வாங்கினான். நடு எது என்று பார்த்தான். நடுவில் பாய் இருந்தது. அவன் குனிந்து, மூலையில் இருந்த செருப்பை மரியாதையாகத் தள்ளி வைத்துவிட்டு, கூம்பைப் பாயின் விளிம்பில் நிறுத்தினான். மெர்சி மதாம் என்று நன்றி சொன்னான். பிறகு ஓடத் தொடங்கினான்.

அவனுக்குப் பின்னால் எல்லோரும் ஓடினார்கள்.

மேடையிலிருந்து பார்க்க அது ஆற்றுச் சுழி மாதிரி இருந்தது. வழுக்கையும் நரையும் தொப்பையும் சுற்றிச் சுற்றி ஓட, நடுவில் மூன்று கதிரைகள், ஒரு குடை, ஒரு கூம்பு. தூசி எழும்பியது. ஒருவன் விழுந்தான், நாலு பேர் தூக்கினார்கள். ஹர்ஷினி தொப்பியைக் கழற்றிவிட்டு அலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். வித்தியா தேத்தண்ணிப் போத்தலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று இரவிச்சந்திரனால் மட்டுப்பிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் சிவநேசம் மாமி எழும்பினார்.

குடையைச் சுருக்கினார். பாயின் விளிம்புக்கு வந்தார். சுருக்கின குடையை, ரயில் கடவையில் தடி இறங்குகிற மாதிரி, ஓடுகிறவர்களுக்குக் குறுக்கே நீட்டினார். முன்னால் வந்த தாடிக்காரன் நின்றான். அவனில் மோதிப் பின்னால் வந்தவன் நின்றான். அப்படியே ஒருவரில் ஒருவர் மோதி மொத்தச் சுழியும் நின்றது. மேடையில் பாட்டு நிற்கவில்லை. ஆனால் பாடிக்கொண்டிருந்த கிஸ்லேனின் கண்கள் கீழேதான் இருந்தன.

“உதென்ன, இடமாச் சுத்துறியள்?” என்று மாமி தமிழிலேயே கேட்டார். ஒலிபெருக்கியைத் தாண்டி அது கேட்டது. “செத்த வீட்டிலதான் இப்பிடிச் சுத்துறது. வலமா வாங்கோ.”

தாடிக்காரன் ஹர்ஷினியைப் பார்த்தான். ஹர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்றப் பக்கமாம் என்று பிரெஞ்சில் சொல்லிக் கையால் சுற்றிக் காட்டினாள். அவன் பின்னால் திரும்பி அதையே கத்தினான். அது வாய்மாறி வாய்மாறிக் கூட்டத்தின் கடைசிவரை போனது. ஒரு கணம் எல்லோரும் யோசித்தார்கள். முப்பது வருசமாக ஒரே பக்கமாக ஓடினவர்கள். பிறகு, யாருக்கும் கட்டுப்படமாட்டோம் என்று பாட்டுக்குப் பாட்டு கத்துகிற அந்த ஆட்கள் எல்லோரும், ஒரு சொல் மறுத்துப் பேசாமல் திரும்பி, வலமாக ஓடத் தொடங்கினார்கள். இடைக்கிடை பழக்க தோசத்தில் எதிர்ப்பக்கம் போனவர்களை மாமி குடை நுனியால் திருப்பிவிட்டார்.

இரவிச்சந்திரன் இதை வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தால் டிராம்போன் வாசிக்க முடியாது.

கிட்டார் அடங்கியிருந்தது. டிரம்பெட் அடங்கியிருந்தது. டிரம்ஸ் மட்டும் மெதுவாக டக்கு டக்கு என்று அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவனுடைய இடம் வந்து, கடந்து போய்விட்டது. மனோன் ஒரு சுற்று வாசித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கிஸ்லேன் பைக்குள் இருந்த கையை எடுத்து, ரவி, ரவி என்று சைகை காட்டினான். இரவிச்சந்திரன் டிராம்போனை உதட்டில் வைத்தான். ஆனால் எந்த அடியில் நுழைவது என்பது தலையிலிருந்து துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. தானே கட்டின துண்டு. ஆயிரம் தரம் வாசித்தது.

அவன் வித்தியாவைப் பார்த்தான். வித்தியா எழும்பிக்கொண்டிருந்தாள்.

போத்தலைக் கதிரையில் வைத்தாள். சேலையைச் சரிசெய்தாள். முடிந்தது என்று நினைத்தான் இரவிச்சந்திரன். இனி மெட்ரோவா, பேருந்தா, எதில் போவாள் என்பதுதான் மிச்சம்.

வித்தியா போகவில்லை. ஓடுகிற தலைகளுக்கு மேலால் அவன் தெரியும்படி கூம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவனை நேராகப் பார்த்தாள். வலது கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தாள். டிரம்ஸ் இரண்டு அடி போனது. தலையை இரண்டு தரம் ஆட்டினாள். மூன்றாவது அடிக்குக் கையை மெதுவாக முன்னால் நீட்டினாள், டிராம்போனின் குழாயை நீட்டுவதுபோல.

அவன் உதடு தானாக வேலை செய்தது. முதல் ஸ்வரம் சரியாக அந்த அடியில் விழுந்தது.

வாசித்துக்கொண்டே அவன் அவளைப் பார்த்தான். அவள் கை அவனுக்கு அரை நொடி முந்தி அசைந்தது. மேலே ஏறுகிற இடத்தில் ஏறியது. நடுவில் ஒரு குழப்படியான வளைவு வரும். அதை டிரம்பெட்காரன் இன்றுவரை பிழையாகத்தான் முணுமுணுப்பான். அவள் கை அதில் பிழைவிடவில்லை. கிரைண்டர் ஓடின வருசமெல்லாம் கிரைண்டருக்கு மேலால் இந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது அவனுக்கு அந்த வளைவில் வைத்துத்தான் உறைத்தது. கடைசி ஸ்வரத்தை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்க முடியாமல் அவசரமாக முடித்துவிட்டான். கூட்டம் கவனிக்கவில்லை. கூட்டம் வலமாக ஓடுவதில் மும்முரமாக இருந்தது.

கச்சேரி முடிந்து ஓட்டைக் குடைகள் கீழே இறங்கியபோது, படம் எடுக்க ஒரு வரிசை நின்றது. வரிசை சிவநேசம் மாமிக்கு. தாடிக்காரன்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். கிஸ்லேன்கூட வரிசையில் போய் நின்றான். இவ்வளவு பேரை ஒரே சொல்லில் திருப்புகிற அந்தக் குரலை எங்கே பழகினீர்கள், எனக்குக் கார்டெரியில் தேவைப்படுகிறது என்று கேட்டுச் சொல்லும்படி ஹர்ஷினியைக் கெஞ்சினான். மாமி, நாலு பிள்ளை வளர்த்தால் தானாக வரும் என்றார். அடுத்த மாதம் கர்க்லாண்டில் ஒரு கச்சேரி இருக்கிறது, மாமி வருவாவா என்று மனோன் கேட்டாள். இரவிச்சந்திரன் வருவானா என்று யாரும் கேட்கவில்லை. காலியான வடைப் பையையும் பாயையும் டிராம்போன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவன் கார் நிற்கும் பக்கம் நடந்தான். வித்தியா கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தாள். வரிசை முடியட்டும், மாமியோடு பிறகு மெட்ரோவில் வருகிறேன் என்று ஹர்ஷினி சொல்லிவிட்டாள்.

அவன்தான் பொறுக்க முடியாமல், எப்படி இருந்தது என்று கேட்டான்.

வித்தியா யோசித்தாள். பாடகருக்கு இடுப்பில் ஏதோ பிடிப்பு, பாவம், சரிந்து சரிந்து நின்றார் என்றாள். பேஸ் வாசிக்கிற பெண் நல்ல கெட்டிக்காரி என்றாள். தூசிதான் கொஞ்சம் அதிகம் என்றாள்.

“நான்?”

“நீங்கள் பிந்தித் தொடங்கினீங்கள்.”

“அது பேந்து சரியா வந்தது தானே.”

“ஓம். நான் காட்டினதால வந்தது.” காரின் பின்கதவைத் திறந்து கதிரைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், “கடைசி இழுப்பை ஏன் வெட்டினீங்கள்?” என்றாள். “கீழ வாசிக்கேக்க இன்னும் நீளமெல்லே. எனக்கு அதுதான் விருப்பம்.”

இரவிச்சந்திரன் நின்றான். கீழே வைத்த பெட்டியைத் திறந்தான். டிராம்போனின் இரண்டு துண்டையும் பொருத்தினான். கார்கள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் கையோடு நின்று வேடிக்கை பார்த்தது. அவன் மூச்சை இழுத்து, அந்தக் கடைசி ஸ்வரத்தை மட்டும் வாசித்தான். கார் நிறுத்துமிடத்தின் கடைசிவரை போய், வேலியில் பட்டு, மெல்லிசாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும்வரை இழுத்தான். முகம் சிவந்துவிட்டது.

வித்தியா கார்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைச் சரித்து, முடியும்வரை கேட்டாள்.

“இப்ப சரி,” என்றாள். “ஏறுங்கோ.”